அலோய் சில்லு அரித்தால்: எப்போது திருத்துவது, எப்போது கழிப்பது?

கடற்கரைக் கிராமம் ஒன்றில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் உரிமையாளர் ஒருவரை நாம் அறிவோம். அவருடைய வானின் பின்சில்லு ஒன்றில் மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை காற்றுக் குறைந்துகொண்டு வந்தது. ரயர் கடையில் காட்டினார். ரயரின் நிலத்தில் படும் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு, ஆணியும் இல்லை, ஓட்டையும் இல்லை என்றார்கள். வால்வை மாற்றினார்கள். அதன் பின்னரும் காற்றுக் குறைந்தது. அவரும் காற்றை அடித்து அடித்து ஓடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் அவசரத்தில் காற்றைப் பார்க்க மறந்துவிட்டார். பிள்ளைகளோடு போய்க்கொண்டிருக்கும்போது ரயரின் பக்கச் சுவர் கிழிந்துவிட்டது. மெதுவாக ஓடியதால் ஒருவருக்கும் காயமில்லை.

சில்லைக் கழற்றிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. ரயரின் விளிம்பு றிம்மோடு அழுந்தி உட்காரும் இடம் முழுவதும் வெள்ளை மாவாகப் பொங்கி அரித்திருந்தது. வெளியே பார்த்தால் அந்தச் சில்லில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே வானின் முன்சில்லு ஒன்றில் பெயின்ற் உரிந்து பார்க்க அசிங்கமாக இருந்தது. அதைத் திருத்தவென்றே அவர் சில மாதங்களாகப் பணம் சேர்த்து வந்திருந்தார். அழகு கெட்ட சில்லுக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. ஆபத்தான சில்லு கவனிக்கப்படாமற் போனது.

இன்று எமது கிராமங்களிலும் அலோய் சில்லுப் பூட்டிய வான்களும் கார்களும் சாதாரணமாகிவிட்டன. அவற்றுட் பல யப்பானில் பாவிக்கப்பட்டு இங்கு வந்தவை. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்துவிடப்பட்டது 2025 பெப்ரவரியிற்தான். அந்த ஐந்து வருடங்களும் இருந்த வாகனத்தையே வைத்து ஓட்ட வேண்டியிருந்தது. ஆகவே வயதேறிய சில்லுகள் இன்று வீதியில் ஏராளம். அவற்றை எப்போது திருத்துவது, எப்போது பொறுத்திருப்பது, எப்போது தூக்கி எறிவது என்பதை இங்கு பார்ப்போம்.

ஏன் அரிக்கிறது?

அலோய் என்பது கலப்புலோகம். கார், வான்களுக்கு வார்க்கப்படும் பெரும்பாலான அலோய் சில்லுகள் அலுமினியத்தோடு ஏறக்குறைய நூற்றுக்கு 7 வீதம் சிலிக்கனும் மிகச் சிறிதளவு மக்னீசியமும் சேர்ந்தவை. வார்த்த பின்னர் ஏறக்குறைய 540 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, சட்டென்று தண்ணீரில் குளிர்வித்து, மீண்டும் இளஞ்சூட்டில் வைத்து அதற்கு வலுவூட்டுகிறார்கள். இந்தச் சூட்டுக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பட்டறை வேலையைப் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

அலுமினியம் இரும்பைப் போலச் செந்துருப் பிடிப்பதில்லை. காற்றுப் பட்டவுடன் அதன் மேல் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உண்டாகி அடியிலுள்ள உலோகத்தைக் காக்கிறது. ஆனால் உப்பு இந்தப் படலத்தை உடைத்துவிடும். எமது சமையலறையிலேயே இதைக் காணலாம். உப்பும் புளியும் சேர்ந்த குழம்பை அலுமினியச் சட்டியில் இரவு முழுவதும் விட்டுப் பாருங்கள். காலையில் சட்டியின் அடியில் சிறு சிறு குழிகள் தெரியும். உப்புத் தண்ணீர் காய்ந்து காய்ந்து நனையும் சில்லிலும் இதுவே நடக்கிறது.

சில்லின் மேல் பெயின்றும் அதன் மேல் தெளிந்த மேற்பூச்சும் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. பாதையோரக் கல்லில் உரசியோ, சரளைக்கல் தெறித்தோ, ரயர் கழற்றும் இரும்பு பட்டோ ஓரிடத்திற் பூச்சு உடைந்தால் அங்கிருந்து அரிப்புத் தொடங்குகிறது. அது பூச்சுக்கு அடியால் புழு ஊர்ந்தது போல நெளிந்து நெளிந்து பரவும். ஈரப்பதன் கூடிய இடங்களில் இது விரைவாக நடக்கும். சோளகக் காற்றுக் கடல் துமியை அள்ளி வீசும் தீவுப்பகுதி, ஆனையிறவு, மன்னார், புத்தளம் போன்ற உப்பளப் பகுதிகள், பருத்தித்துறைக் கரை, மட்டக்களப்பு வாவியோரம் எங்கும் ஓடும் வாகனங்கள் இதற்குத் தப்புவது கடினம். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குக் கடலுக்குக் குறுக்கே செல்லும் பாதையில் நாள்தோறும் ஓடும் வாகனத்தையும், கண்டியில் ஓடும் வாகனத்தையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்பு ஈரத்தில் இருந்தால் அலுமினியமே முதலில் கரையும். சில்லு இரும்பு ஹப்பில் உட்காரும் நடுப்பகுதியிலும், பலன்ஸ் கட்டியை விளிம்பிற் பிடித்திருக்கும் இரும்புக் கொளுக்கியின் அடியிலும் அரிப்பு அதிகமாகக் காணப்படுவது இதனாலேயே.

சில்லின் முகத்தில் மண்ணிறப் புள்ளிகளைக் கண்டு சிலர் சில்லுத் துருப்பிடித்துவிட்டது என்று பயப்படுவதுண்டு. அது பெரும்பாலும் பிறேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத் தூள். சில்லின் அரிப்பு வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும், பூச்சுக் கொப்பளித்திருக்கும்.

எங்கே அரித்திருக்கிறது என்பதே கேள்வி

அரிப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதே முக்கியம். சில்லை நான்கு இடங்களாகப் பிரித்துப் பாருங்கள்.

முதலாவது, வெளிமுகம். கம்பிகளும் விளிம்பின் வெளிப்பக்கமும் இதில் அடங்கும். இங்கு பெயின்ற் உரிவதும், புழு நெளிவும், மேலோட்டமான சிறு குழிகளும் பெரும்பாலும் அழகைப் பற்றிய விடயமே. வாகனத்தை விற்கும் எண்ணம் இல்லையென்றால் பொறுத்திருக்கலாம்.

இரண்டாவது, ரயரின் விளிம்பு உட்காரும் இடம். இக்காலத்து ரயர்களுக்கு ரியூப் இல்லை. ரயரின் றப்பர் விளிம்பு றிம்மோடு அழுந்தியிருப்பதால் மட்டுமே காற்று உள்ளே நிற்கிறது. இங்கு ஒட்சைட்டு மாவு பொங்கினாலோ பூச்சுச் செதில்செதிலாகக் கிளம்பினாலோ அந்த மயிரிழை இடைவெளியால் காற்றுக் கசியும். சில்லின் உட்பக்க விளிம்பிற்தான் இது அதிகம். வாகனத்தின் அடியை நோக்கியிருக்கும் அந்தப் பக்கத்தை எவரும் கழுவுவதுமில்லை, பார்ப்பதுமில்லை.

மூன்றாவது, ஹப்பில் உட்காரும் நடுமுகமும் நட் இறுகும் துளைகளும். இங்கு மாவோ துருவோ படிந்திருந்தால் சில்லு நேராக உட்காராது; நட் இறுகியது போலத் தெரிந்தாலும் ஓட ஓடத் தளரலாம். சில வேளைகளிற் சில்லு ஹப்போடு ஒட்டிப்போய், வழியிற் காற்றுப் போனால் கழற்றவே முடியாமல் நிற்க வேண்டிவரும்.

நான்காவது, வெடிப்பு. இது அரிப்பல்ல, ஆயினும் அரிப்பைத் தேடும்போதே இதையும் தேட வேண்டும். பள்ளத்தில் விழுந்த சில்லின் உள்விளிம்பிலும், கம்பிகள் நடுப்பகுதியோடு சேரும் மூலைகளிலும் மயிர் போன்ற கோடு தெரிகிறதா என்று நன்றாகக் கழுவித் துடைத்துப் பாருங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை

இதற்கு ஒரு காற்றமுக்கமானியும் ஒரு பழைய கொப்பியும் போதும். காலையில் வாகனம் ஓட முன்னர், சில்லுக் குளிர்ந்திருக்கும்போது நான்கு சில்லுகளின் அமுக்கத்தையும் அளந்து திகதியோடு எழுதுங்கள். வாரம் ஒருமுறை செய்யுங்கள். நல்ல சில்லிலும் மாதத்திற்கு ஒன்று, இரண்டு இறாத்தல் குறைவது வழமை. ஒரு சில்லு மட்டும் ஒரு வாரத்தில் மூன்று, நான்கு இறாத்தல் குறைந்தால் அங்கு கசிவு இருக்கிறது.

அடுத்ததாகச் சவர்க்காரத் தண்ணீரை நுரைக்க அடித்து, வால்வின் அடியிலும், ரயரும் றிம்மும் சந்திக்கும் வட்டம் முழுவதிலும், உட்பக்கம் வெளிப்பக்கம் இரண்டிலும் தடவுங்கள். உட்பக்கத்துக்குச் சில்லைக் கழற்றத்தான் வேண்டும். சிறு கசிவு உடனே தெரியாது. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தால் வெண்ணுரை கட்டி நிற்கும். ரயர் கடையிலும் சில்லு முழுவதையும் தண்ணீரில் அமுக்கிச் சற்றுப் பொறுத்துப் பார்க்கும்படி சொல்லுங்கள். மேலே சொன்ன வான் உரிமையாளருக்கு இந்தப் பத்து நிமிடம் கிடைத்திருந்தால் ஒரு ரயர் மிஞ்சியிருக்கும்.

காற்றுக் குறைந்த ரயர் ஏன் கிழிகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். காற்றுக் குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடிந்து நிமிர்கிறது. அதனால் சூடேறி உள்ளேயுள்ள நூற்படை சிதைகிறது. ரயரைக் கழற்றும்போது உள்ளே கரிய றப்பர்த் தூள் கொட்டினாலோ பக்கச் சுவரின் உட்புறம் வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ, வெளித்தோற்றம் நன்றாக இருந்தாலும் அந்த ரயரை மீண்டும் பூட்டாதீர்கள்.

எப்படித் தீர்மானிப்பது?

1. முகத்தில் மட்டும் அரிப்பு, காற்றுக் குறையவில்லை: பொறுத்திருங்கள். உரிந்த இடத்தை மென்மையாகத் தேய்த்துச் சுத்தமாக்கி, அலுமினியத்துக்கு உரிய அடிப்பூச்சும் பெயின்றும் தொட்டு வைத்தால் பரவுவது தாமதமாகும். முழுத் திருத்தத்தை அடுத்த ரயர் மாற்றும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. விளிம்பு உட்காரும் இடத்தில் இலேசான அரிப்பு, மெதுவான கசிவு: ரயரைக் கழற்றி, துருப்பிடிக்காத உருக்குப் பிரசினாலோ நைலோன் பிரசினாலோ மாவை நன்றாக நீக்கி, விளிம்புப் பசை பூசி மாட்டலாம். இது மலிவு. ஆனால் இது தற்காலிக வேலை. தேய்த்த இடம் வெறும் உலோகமாக நிற்பதால் மீண்டும் அரிக்கும். சில மாதங்களோ, அதிர்ஷ்டமிருந்தால் ஒரு ரயரின் ஆயுளோ தாங்கும். கொப்பியில் அமுக்கத்தை எழுதுவதை நிறுத்தாதீர்கள்.

3. அதே இடத்தில் குழி விழுந்த அரிப்பு, அல்லது சுத்தஞ்செய்த பின்னும் கசிவு: இனிப் பொறுக்கக்கூடாது. பூச்சு முழுவதையும் நீக்கித் திருத்த வேண்டும். முகம் அழகாக இருந்தாலும் திருத்த வேண்டியது இந்தச் சில்லையே.

4. வெடிப்பு, ஆழமாகத் தின்னப்பட்ட விளிம்பு, நட் துளை நீள்வட்டமாகிவிட்டமை: திருத்த வேண்டாம். கழித்துவிடுங்கள். வெடிப்பை ஒட்டித் தருவதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒட்டும் சூட்டில் அந்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகம், வார்ப்பாலையிற் கொடுத்த வலுவை இழந்துவிடும். பெயின்ற் அடித்த பின்னர் எவராலும் அதைக் காணவும் முடியாது. பிள்ளைகளை ஏற்றும் வாகனத்தில் அப்படியொரு சில்லு வேண்டாம்.

எந்த நேரத்திற் கொடுப்பது?

முழுத் திருத்தத்துக்கு ரயரைக் கழற்ற வேண்டும். பின்னர் மாட்டி, பலன்ஸ் பார்க்க வேண்டும். ரயர் மாற்றும் போதும் இதே வேலைகள் இருக்கின்றன. ஆகவே அவசரமில்லாத திருத்தத்தை ரயர் மாற்றத்தோடு சேர்த்துச் செய்தால் ஒரு கூலி மிச்சம். கழற்றும் இரும்பு புதுப் பூச்சிற் பட்டு மீண்டும் காயப்படுத்துவதும் தவிர்க்கப்படும். ரயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்தது என்று பொருள். ரயர் எப்போது மாற்ற வேண்டிவரும் என்று கணக்கிட இது உதவும்.

உழைப்புக்கு ஓடும் வாகனமென்றால் பாடசாலை விடுமுறைக் காலத்தைத் தெரிந்தெடுங்கள். ஓடும் நாட்களிலேயே செய்ய வேண்டுமானால், மேலதிகச் சில்லைப் பூட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொடுக்கலாமா என்று பாருங்கள். ஆனால் மேலதிகச் சில்லு மெல்லிய சிறு சில்லாக இருந்தால் அது நாள்தோறும் ஓடுவதற்கு உரியதல்ல.

பட்டறையிற் கேட்க வேண்டியவை

"எவ்வளவு முடியும்?" என்று கேட்க முன்னர் "எப்படிச் செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பழைய பூச்சின் மேலேயே பெயின்ற் விசிறித் தருவது திருத்தமல்ல. அடியில் இருக்கும் அரிப்பு சில மாதங்களில் அதையும் தூக்கிவிடும். பூச்சு முழுவதையும் நீக்கி, மெல்லிய மணி அடித்துச் சுத்தமாக்கி, சில்லு வளைந்திருக்கிறதா என்று சுற்றிப் பார்த்து, அதன் பின்னரே அடிப்பூச்சு, நிறம், மேற்பூச்சு என்று வர வேண்டும். றிம்மின் உட்புறத்துக்கும் பூச்சு உண்டா என்று கேளுங்கள்.

பவுடர் பூச்சு என்றால் அதைச் சூட்டடுப்பிலிட்டுச் சுட வேண்டும். இதற்கு ஏறக்குறைய 180 முதல் 200 பாகை செல்சியஸ் வரை சில நிமிடங்களே போதும். அதைவிடக் கூடிய சூட்டில் நெடுநேரம் வைத்தாலோ பல தடவை சுட்டாலோ சில்லின் வலு குறையும். சூட்டை அளக்கும் கருவி அடுப்பில் இருக்கிறதா என்று கேட்பதிற் தவறில்லை. காஸ் விளக்கினால் சூடாக்கும் இடத்திற் கொடுக்காதீர்கள்.

சில சில்லுகளின் முகம் கடைச்சல் இயந்திரத்தில் வெட்டிப் பளபளப்பாக்கப்பட்டிருக்கும். அதைப் பழையபடி கொண்டுவர மீண்டும் வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் உலோகம் குறைகிறது. ஆகவே இதைத் திரும்பத் திரும்பச் செய்ய இயலாது. வெட்டிய முகத்தை மெல்லிய மேற்பூச்சு மட்டுமே காப்பதால் உப்புக் காற்றில் அதுவே முதலில் உரியும். கரையோரத்தில் வாழ்பவர்கள் பளபளப்பை மறந்து முழுவதும் பெயின்ற் அடிப்பதே நல்லது.

ஹப்பில் உட்காரும் முகத்திலும் நட் இறுகும் இடத்திலும் தடித்த பூச்சு இருக்கக்கூடாது. பூச்சு நசிந்து நட் தளர்ந்துவிடும். பூட்டும்போது வாகனக் கைநூலிற் சொன்ன அளவுக்கு, அளவுகாட்டும் சாவியால் இறுக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின்னர் ஒருமுறை மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். ரயர் கழன்றிருக்கும் நேரத்திலேயே றப்பர் வால்வையும் மாற்றிவிடுங்கள்.

மாற்றுவது என்று முடிவானால்

திருத்தச் செலவையும், நல்ல நிலையிலுள்ள பாவித்த சில்லின் விலையையும், இரும்புச் சில்லின் விலையையும் அருகருகே எழுதிப் பாருங்கள். உழைக்கும் வாகனத்துக்கு இரும்புச் சில்லு குறைவானதல்ல. அதுவும் துருப்பிடிக்கும், ஆனால் துரு கண்ணுக்குத் தெரியும், மாற்றுவதும் மலிவு. ஒன்றைக் கவனியுங்கள்: அலோய் சில்லுக்குரிய நட் எல்லா வேளையிலும் இரும்புச் சில்லுக்குப் பொருந்தாது. சில அலோய் சில்லுகளின் நட் தட்டையான வளையத்தோடு இருக்கும். இரும்புச் சில்லுக்குக் கூம்பு முக நட் வேண்டும். பொருந்தாத நட்டைப் பூட்டி ஓடினால் சில்லே கழன்றுவிடலாம்.

பாவித்த அலோய் சில்லு வாங்குவதென்றால் ரயர் இல்லாமல் வாங்குங்கள். அப்போதுதான் உள்விளிம்பைப் பார்க்கலாம். யப்பான் தரத்துக்கு அமைந்தவற்றிற் 'ஜே.டபிள்யூ.எல்.' என்ற எழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கும். லொறி, பஸ், சரக்கு வான்களுக்குரிய தரத்தில் அதனோடு 'ரி' என்ற எழுத்தும் சேர்ந்திருக்கும். பாரம் ஏற்றும் வானுக்குக் காரின் சில்லைப் பூட்டுவது தவறு.

மீண்டும் அரியாமல் இருக்க

கடற்கரைப் பாதையிலோ வெள்ளத்திலோ ஓடிய நாளில் நல்ல தண்ணீரால் சில்லின் உட்புறத்தையும் அலசுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரிற் கழுவினால் கழுவிய பயன் இல்லை. சாதாரண சவர்க்காரமும் மென்மையான துணியும் போதும். கோஸ்ரிக் சோடா, அசிட், சாம்பல் வேண்டாம். சோடாவும் அசிட்டும் அலுமினியத்தையே கரைக்கும்; சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் மேற்பூச்சைச் சுரண்டிவிடும். பலன்ஸ் பார்க்கும்போது விளிம்பிற் கொளுவும் கட்டிக்குப் பதிலாக உட்புறம் ஒட்டும் கட்டியைக் கேளுங்கள். ஹப்பின் முகத்தைத் துருநீக்கித் துடைத்து, நடு வளையத்தில் மாத்திரம் மெல்லியதாகக் கிறீஸ் தடவினால் சில்லு ஒட்டாது. நட்டுக்குக் கிறீஸ் பூசக்கூடாது.

அந்த வான் உரிமையாளர் பின்னர் என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறோம். சேர்த்த பணத்தைக் கொண்டு பின்சில்லுகள் இரண்டையும் முழுமையாகத் திருத்தினார். ஒரு புது ரயரும் வாங்கினார். முன்சில்லின் முகம் இன்னும் உரிந்தபடியே இருக்கிறது. அதன் காற்று மட்டும் மாதக்கணக்காகக் குறையவில்லை. வானின் முன்தட்டில் இப்போது ஒரு பழைய கொப்பி கிடக்கிறது. திங்கட்கிழமை தோறும் காலையில், பிள்ளைகள் ஏற முன்னர், நான்கு இலக்கங்கள் அதில் எழுதப்படுகின்றன.